வீடு தேடி வந்த கூலி

எங்கள் சந்தில் கூலி வீடு தேடி வராது. சனிக்கிழமை சாயங்காலம் குவாரி ஆபீஸ் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்று, கணக்குப்பிள்ளையிடம் நாலு வசவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வர வேண்டிய பொருள் அது. அப்படியில்லாமல் வாசலுக்கே ஒருவன் வந்து பணத்தை நீட்டுகிறான் என்றால், அந்த வீட்டு ஆம்பளை அன்றைக்குக் கயிற்றில் இறங்கப் போகிறான் என்று அர்த்தம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெடி வைத்த பிறகு பாறையின் முகத்தில் சில கற்கள் பாதி பிளந்து, பாதி ஒட்டிக்கொண்டு தொங்கும். அடியில் ஆட்கள் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அவற்றைத் தள்ளிவிட வேண்டும். அதற்கு ஒருவன் இடுப்பில் கயிறு கட்டி மேலிருந்து இறங்கி, கடப்பாரையால் நெம்புவான். இந்த வேலைக்கு மட்டும் இரட்டைக் கூலி. அதையும் காலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து பொம்பளை கையில் கொடுத்துவிடுவார்கள். இறங்கினவன் ஏறி வந்து வாங்கிக்கொள்வான் என்று கம்பெனிக்கே நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான்.

நான் குவாரி மேஸ்திரி வீட்டுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்த வீட்டில் தும்மினால் இங்கே என் தையல் மெஷின் ஊசி ஆடும். கல்லுடைக்கிறவர்கள் போடும் கையுறைக்கு உள்ளங்கையில் தோல் வைத்துத் தைப்பது என் வேலை. தோல் தடித்தது. ஊசி உடையும், விரல் கிழியும், முதுகு விட்டுப்போகும். ஒரு ஜோடிக்குக் கிடைக்கிற காசைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் சொல்லப் போவதில்லை.

மேஸ்திரியின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி, அதன் நிழலில் உட்கார்ந்து ஜல்லி உடைப்பாள். பழைய டயரை வளையமாக வெட்டி வைத்திருப்பாள். கல்லை வளையத்துக்குள் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டால், சில்லு கண்ணுக்குத் தெறிக்காமல் உள்ளேயே விழும். பேசிக்கொண்டே உடைப்பாள், சண்டை போட்டுக்கொண்டே உடைப்பாள், அழுதுகொண்டே உடைப்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரே பெண். ஆள் சின்னது, கால் இரண்டும் சக்கரம். ஒரு இடத்தில் நிற்காது, நடக்கவும் நடக்காது, ஓட்டம்தான். சந்தே அவளைச் சுண்டெலி என்று கூப்பிடும். லாரி திருப்புகிற மைதானத்தில் பையன்களோடு பந்து உதைத்துக்கொண்டிருந்தவள், இரண்டு வருஷமாக மாவட்ட அணிக்கு ஆடப் போய்க்கொண்டிருந்தாள். பஸ் காசும் இரண்டு அவித்த முட்டையும் கொடுப்பார்கள். முட்டையில் ஒன்றை அம்மாவுக்குக் கொண்டுவருவாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெடிச் சத்தம் இல்லாததால் காது சும்மா ஙொய் என்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. வாரம் முழுக்கப் பறந்த கல் தூசி கூரை, கொடித்துணி, வேப்பமரம் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. மேஸ்திரி மீன் வாங்கி வந்திருந்தார். உள்ளே வறுபடுகிற வாசனை சுவரைத் தாண்டி வந்து என் வயிற்றைக் கிள்ளியது. வெங்காயம் கடன் கேட்கிற சாக்கில் அங்கே போய் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. எங்கள் சந்துக்குள் லாரி வரும், சைக்கிள் வரும், எப்போதாவது ஆம்புலன்ஸ் வரும். கார் வந்து நான் பார்த்ததில்லை. டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. பின் கதவு திறந்து முதலில் ஒரு கால் விறைப்பாக வெளியே நீண்டது. பிறகு ஒரு கை கதவைப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் ஆள் முழுசாக வந்தார். நாற்பது வயசு இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை.

"மேஸ்திரி வீடு இதுதானே?"

"இதுதான். நீங்க யாரு?" என்றாள் அக்கா.

"டவுன் ஃபுட்பால் கிளப்ல இருந்து வர்றேன்மா. உங்க பொண்ணு விஷயமா."

அக்காவின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. "என்ன பண்ணித் தொலைச்சா?"

"ஐயையோ, தப்பா ஒண்ணும் இல்லம்மா. நல்ல விஷயம்தான்."

சுண்டெலி பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி பனியனோடு வெளியே வந்து, அவரை உள்ளே கூப்பிட்டு, வீட்டில் இருந்த ஒரே இரும்பு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கிளப்காரர் உட்கார்ந்து வலது காலை நேரே நீட்டிக்கொண்டார். அந்தச் சின்ன அறையில் அந்தக் கால் வாசல்படி வரைக்கும் வந்தது. அக்கா அதைத் தாண்டித் தாண்டிப் போய் டீ போட்டுக் கொடுத்தாள்.

"நேராவே சொல்லிடறேன் சார். உங்க பொண்ணு ஆட்டத்த மூணு தடவ வந்து பார்த்துட்டேன். அந்த மாதிரி திரும்பறதுக்கு, அந்த வேகத்துக்கு, எங்க கிட்ட ஆள் இல்ல. பொண்ணுங்க டீமுக்கு அவ வேணும். பதினேழு வயசுதான்கிறதால நீங்க சம்மதிக்கணும்."

"ஆடத்தானே? ஆடட்டும்" என்றார் மேஸ்திரி. "அவளப் பிடிச்சு வைக்க யாரால முடியும்?"

கிளப்காரர் சிரித்துக்கொண்டே பையைத் திறந்து, தடியாக ஒரு கவரை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார்.

"இது முன்பணம். வீட்டுல குடுத்துட்டு வரச் சொன்னாங்க. சம்பளம் தனி." மாசச் சம்பளம் என்று ஒரு தொகையைச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேஸ்திரி ஒரு நாள் லீவு போடாமல் ஒரு வருஷம் உழைத்தால் வருகிற காசு அது. அதை ஒரு மாசத்துக்குச் சொல்கிறார், அதுவும் டீயை உறிஞ்சிக்கொண்டே. கூட ஒரு சைபர் தவறிச் சேர்ந்துவிட்டதோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அக்கா தொகையைக் கேட்கவே இல்லை. அவள் கண் கட்டில் மேல் கிடந்த கவரைவிட்டு அசையவில்லை. முகம் பேயறைந்த மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

"எடு" என்றாள்.

"என்னம்மா?"

"எடுய்யா அத! என் வீட்டுல வைக்காத! எடு! எடுன்னு சொல்றேன்ல!"

அந்த அலறலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. சந்துப் பொம்பளைகள் மாவுக் கையும் ஈரத் தலையுமாக ஓடி வந்தார்கள். கட்டில் மேல் கவரைப் பார்த்த உடனே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமையில யாரடி இறக்குறாங்க?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

கிளப்காரருக்கு எதுவும் புரியவில்லை. பாவம், அவருக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டார்.

"கோபப்படாதீங்கம்மா. கம்மின்னு நினைக்கிறீங்க. சரி, கொஞ்சம் கூட்டித் தர எனக்கு அதிகாரம் இருக்கு." இன்னொரு தொகையைச் சொன்னார். முதலில் சொன்னதைவிட அதிகம்.

"ஏத்துறானே!" அக்கா மடேர் மடேர் என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இன்னும் ஏத்துறானே!"

மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சரிம்மா, சரி! நல்லா பேரம் பேசறீங்க. இதுதான் கடைசி." கிளப்காரருக்கு வேர்த்தது. "நான் சொன்ன சம்பளத்தோட டவுன்ல தங்க ரூம் எங்களோடது. சாப்பாடு எங்களோடது. டாக்டர் எங்களோடது."

"டாக்டரா!" அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுப்பில் மீன் தீய்கிற வாசனை வந்தது. நான் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மேஸ்திரி கிளப்காரரின் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறார். பாறை மாதிரி மனுஷன். கணக்குப்பிள்ளைக்குக்கூட அவர் கைகூப்பி நான் பார்த்ததில்லை.

"சார், குறைச்சுக்குங்க."

"என்னது?"

"சம்பளத்தக் குறைச்சுக்குங்க சார். பாதி போதும். அதுவும் ஜாஸ்தின்னா இன்னும் குறைச்சுக்குங்க. என் பொண்ணுக்கு ஆபத்து இல்லாத கூலியாப் பார்த்துக் குடுங்க."

கிளப்காரரின் கோப்பை கையிலேயே சாய்ந்து டீ சட்டையில் கொட்டியது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "இருபது வருஷமா ஃபுட்பால்ல இருக்கேன் சார். குறைச்சுக் குடுன்னு கேட்ட அப்பனை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார்.

மேஸ்திரி கயிற்று வேலையைப் பற்றிச் சொன்னார். தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகாத பையன், அதனால் அவனுடைய கூலியை அக்கா கையில்தான் கொடுத்தார்கள். கொழுந்தன் பணம் கொடுத்திருக்கிறானே என்று அவள் கறி வாங்கி ஆக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். சாயங்காலம் நாலு பேர் அவனைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஆக்கிய கறியை நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன். அதை மேஸ்திரி சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது.

"அதனால கேக்கறேன் சார். சும்மா யாரும் இவ்வளவு குடுக்க மாட்டான். எதுக்குக் குடுக்கறீங்க? என் பொண்ணுக்கு எது ஒடியும்?"

"ஒண்ணும் ஒடியாது சார்! இது விளையாட்டு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. வயிறும் எரிந்துகொண்டிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஒடியாதுன்னா எதுக்குய்யா இவ்வளவு சம்பளம்? எங்க வீட்டுக்காரர் விடிஞ்சதுல இருந்து கல்லு உடைக்கிறாரு. நெஞ்சு பூரா தூசி, இருமுனா வெள்ளையா வருது. அவருக்கு ஒரு வருஷத்துல வர்றது ஒரு பந்துக்குப் பின்னாடி ஓடுறதுக்கு ஒரு மாசத்துலயா? இது எந்த ஊரு நியாயம்?"

"நீங்க யாரும்மா?"

"பக்கத்து வீடு. நியாயம் கேக்க பக்கத்து வீடு போதாதா?"

அவர் கோபப்படவில்லை. "நியாயமான்னு எனக்கும் தெரியாதும்மா. இவள மாதிரி ஆளுங்க ஓடறதப் பார்க்க ஆயிரக்கணக்குல டிக்கெட் வாங்கி வர்றாங்க. டிவிக்காரன் காசு குடுக்கறான். செருப்புக் கம்பெனிக்காரன் குடுக்கறான். வர்ற காசுல ஒரு பங்கு ஆடறவங்களுக்கு. உங்க வீட்டுக்காரர் கல்லுடைக்கிறத யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கறதில்ல."

"வந்து பார்க்கச் சொல்லு! ஓசியிலயே காட்டுறோம்!"

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் பார்வை நீட்டிக் கிடந்த அந்தக் காலின் மேல் நின்றிருந்தது.

"உங்க கால் மடங்காதா சார்?"

கிளப்காரர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் தையல் தையலாக, மாற்றி மாற்றிப் பிரித்துத் தைத்த பழைய சாக்கு மாதிரி இருந்தது.

"ஆடும்போது ஆனதா?"

"ஆமா. இருபத்தாறு வயசுல."

"உங்களுக்கு என்ன கூலி குடுத்தாங்க?"

"அந்தக் காலத்துல என்ன பெரிசா? உங்க பொண்ணுக்குச் சொன்னதுல கால்வாசி இருக்கும்."

மேஸ்திரியின் கண் விரிந்தது. "கால்வாசிக்கே இதுன்னா..." என்றார். கணக்கு அவருக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"எல்லாருக்கும் இப்படி ஆகாது சார்" என்றார் கிளப்காரர் அவசரமாக.

"கயித்துல இறங்குற எல்லாரும்தான் விழறதில்ல" என்றார் மேஸ்திரி. "கவரை எடுத்துக்குங்க. டீ குடிச்சிட்டு நல்லபடியா போய்ட்டு வாங்க."

"அப்பா."

சுண்டெலி பின்கட்டு வாசலில் நின்றாள். தலைமுடி காய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படவில்லை. இவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், கள்ளி.

"கூலி ஜாஸ்தியா இருந்தாத்தான் ஒடியும்னு யாருப்பா சொன்னது?"

"நீ உள்ள போ."

"போக மாட்டேன். இதப் பாருங்க."

தரையில் உட்கார்ந்து இரண்டு கால் சாக்ஸையும் கழற்றினாள். இடது கணுக்காலைச் சுற்றித் தோல் பட்டை கட்டியிருந்தது. அது என்ன தோல் என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. போன மழைக்காலத்தில் 'அத்தை, பை தைக்கப் போறேன், வெட்டுத் தோல் இருந்தா குடுங்க' என்று என்னிடம் வாங்கிப்போன துண்டுகள். ஒவ்வொரு பட்டையாக அவிழ்த்தாள். அக்கா "அடிப்பாவி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். கணுக்கால் என்று சொல்ல முடியாது அதை. கறுத்து, நீலம் பாரித்து, ஒரு பக்கம் எலும்பு பிதுங்கி, இன்னொரு பக்கம் பந்தாக வீங்கி இருந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டா இவள் தினமும் என் வாசலைத் தாண்டித் தாண்டி ஓடினாள்?

"பஸ் காசுக்கும் ரெண்டு முட்டைக்கும் ஆடி ஆனதுப்பா இது" என்றாள் சுண்டெலி. "சல்லிக் காசு குடுக்காமலே ஒடிஞ்சுடுச்சு. நீங்க சம்பளத்தப் பார்த்துப் பயப்படறீங்க. இனிமே ஒடியறதுக்காவது காசு வரட்டும்ப்பா."

மேஸ்திரி மகளின் காலைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

அந்த நிமிஷம் வரைக்கும் எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று. சுண்டெலிக்கும் தோன்றவில்லை. அப்பனைச் சம்மதிக்க வைக்கிற அவசரத்தில், விலை பேச வந்தவன் கண் முன்னாலேயே அல்லவா அவிழ்த்துக் காட்டிவிட்டாள்!

கிளப்காரர் நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு இறங்கி, மடங்காத காலை ஒரு பக்கமாகப் போட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவள் கணுக்காலைக் கையில் ஏந்தி, பெருவிரலால் ஒரு இடத்தில் அழுத்தினார். அவள் பல்லைக் கடித்தாள், சத்தம் வரவில்லை. இன்னொரு இடத்தில் அழுத்தினார். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அப்போதும் சத்தம் வரவில்லை.

"எவ்வளவு நாளாம்மா?"

"இப்பதான் சார். கொஞ்ச நாளா."

"பொய் சொல்லாத. நானும் இப்படித்தான் பொய் சொன்னேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பேசும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இத நான் பார்க்காத மாதிரி போக முடியாது சார். எங்க டாக்டர் தொட்ட உடனே கண்டுபிடிச்சிடுவாரு."

"சரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள் அக்கா.

"ஆபரேஷன் பண்ணி, ஒரு வருஷம் உட்கார வைக்கணும். உட்கார்ந்திருக்கறவளுக்கு கிளப் சம்பளம் குடுக்காது. ஆபரேஷனுக்கும் குடுக்காது, எங்க கிட்ட ஆடும்போது ஆனதில்லையே."

"அப்போ வேணாம்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லலம்மா. ஊசி போட்டா வலி தெரியாது. ரெண்டு சீசன் ஓடுவா. நல்லாவே ஓடுவா. அதுக்குக் கிளப் ஒத்துக்கும். ஆனா தொகை பாதிதான் வரும்."

"பாதியா?" என்றார் மேஸ்திரி.

"பாதி."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவரே கைகூப்பிக் கேட்ட பாதி. ஆபத்து இல்லாத கூலி என்று கேட்ட அதே பாதி. மேஸ்திரியின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. கன்னம் துடித்தது, தாடை கிட்டித்துக்கொண்டது. அடித்துவிடுவாரோ என்று பயந்து நான் நடுவில் போய் நின்றேன்.

"ரெண்டு சீசனுக்கு அப்புறம்?"

கிளப்காரர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நானும் அக்காவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டோம்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் மேஸ்திரி. "என் பொண்ணு விக்கறதுக்கு இல்ல. முழுசாவும் இல்ல, பாதியாவும் இல்ல. போங்க."

கிளப்காரர் கவரைப் பையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து வெளியே போனார். அவரும் நல்ல மனுஷன்தான், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். திட்டித் தீர்க்கவாவது ஒரு கெட்டவன் வந்திருக்கக் கூடாதா? கார் சந்தில் திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய், ஜல்லிக் குவியலை இடித்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பியது.

சுண்டெலி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கெஞ்சவில்லை. அப்பாடா, ஒரு வழியாக முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன். கார் சந்து முனையை எட்டுவதற்குள் அவள் படியிலிருந்து குதித்தாள்.

வெறுங்காலோடு ஓடினாள். ஜல்லியும் சில்லும் பரவிக் கிடக்கிற சந்து அது. செருப்புப் போட்டுக்கொண்டே நாங்கள் பார்த்துப் பார்த்து நடக்கிற இடம். அந்தக் கறுத்த காலைத் தரையில் பதித்து, தூக்கி, பதித்து, தூக்கி, என்ன ஓட்டம் ஓடினாள்! ஒரு அடியில்கூட நொண்டவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வலிக்கிற காலால் ஒரு ஜீவன் அப்படி ஓட முடியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வாசலில் நின்ற பொம்பளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் டிக்கெட் கேட்டிருந்தால் நானே வாங்கியிருப்பேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"ஐயோ, சம்பளமே இல்லன்னாலும் போவாளேடி இவ!" அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சும்மா கூப்பிட்டாலும் போவாளே!"

சந்து முனையில் கார் நின்றது. பின் கதவு திறந்து, அந்த விறைத்த கால் வெளியே நீண்டது. சுண்டெலி கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஏதோ சொன்னாள். தலையை ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள்.

மேஸ்திரி என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தெருவில் இறங்கினார். பனியனும் லுங்கியுமாக, ஒரு கையால் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தடுக்கி விழுந்து எழுந்து, அந்தப் புழுதிக்குள் ஓடினார். மகளை இழுத்துக்கொண்டு வரத்தான் போகிறார் என்று நினைத்தேன். பாதித் தூரம் போனவர் தொண்டை கிழியக் கத்தியது சந்து முழுக்கக் கேட்டது.

"பாதிக்கு ஒத்துக்காதடி! முழுசாக் கேளு! பாதிக்கு ஒத்துக்காத!"